வெட்டிய பத்தி

பிப்ரவரி 5, 2024. திங்கள்

காலையில் பால் காயும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. லோகநாயகி பரணிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பை இறக்கித் துடைத்து, மிச்சப் பாலை அதில் வைத்தாள். பழைய கம்பெனியில் ஏதோ போட்டிக்குக் கொடுத்தது. இத்தனை வருடம் சும்மா கிடந்து இன்றைக்குத்தான் உதவியது. சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். வியாழக்கிழமை வருமாம்.

பத்து மணிக்கு எங்கள் மின்னஞ்சல் மடற்குழுவைத் திறந்தேன். தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. செவிநூலை நிறுத்தச் சொல்லி ஒரு கம்பெனியின் வக்கீல் கடிதம் வந்திருக்கிறது.

செவிநூல் எங்கள் கட்டற்ற மென்பொருள் குழு பதினொரு வருடமாகச் சேர்ந்து செய்தது. பார்வையற்றவர்களுக்குத் தமிழ்ப் பக்கங்களை வாசித்துக் காட்டும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பார்வையற்றவர்கள் நம்மைப் போல நிதானமாகக் கேட்பதில்லை, மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பார்கள். அந்த வேகத்தில் தமிழ் கஞ்சியாகக் குழைந்துவிடும். எந்த இடத்தில் ஒரு துளி மூச்சு விட்டால் சொற்கள் காதில் பிரிந்து விழும் என்று கண்டுபிடித்தவள் நாகர்கோவில் ஜெபமலர். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அங்கே ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். அந்த உத்தி இல்லையென்றால் செவிநூல் இல்லை.

அந்த உத்தி தங்களுடையதாம். 2018இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்களாம். கம்பெனியின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இதே கடிதம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கும் போயிருக்கிறது. ஏப்ரல் தேர்வைப் பதினான்கு மாணவர்கள் முதன்முறையாகச் செவிநூல் வைத்துத் தாங்களே எழுதுவதாக இருந்தது. மார்ச் பத்துக்குள் விவகாரம் தெளியாவிட்டால் பழையபடி ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவதுதான் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. ஜெபமலர் பி.ஏ. படித்தபோது அவள் சொன்னதை எழுத வந்த பெண் பானிப்பட்டுப் போரைப் பிளாசிப் போர் என்று எழுதி வைத்தாளாம். இப்போதும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லமாட்டாள்.

பிப்ரவரி 6. செவ்வாய்

நான் மட்டுறுத்துநர். குழுவுக்கு வரும் மடல்களைப் பார்த்து விடுவதும் நிறுத்துவதும் என் வேலை. சம்பளமில்லாத வேலைக்கு அதிகாரம் அதிகம் என்று லோகநாயகி சொல்வாள்.

இன்று ஒரே நாளில் அறுபது மடல். எல்லாருக்கும் நினைவூட்டினேன்: காப்புரிமை பற்றிப் பொதுக்குழுவில் பேசுவதில்லை, அது விதி எண் நான்கு. 2014இல் நான்தான் எழுதினேன். வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. இன்னாருடைய காப்புரிமை என்று பொதுவெளியில் பேசிவிட்டால், நாளைக்கு வழக்கு வரும்போது தெரிந்தே செய்தீர்கள் என்று தண்டனையை ஏற்றுவார்கள். அதனால் அப்படிப்பட்ட மடல் வந்தால் பொதுக்குழுவில் விடாமல், ஐந்தாறு பேர் மட்டும் உள்ள மூடிய குழுவுக்கு நகர்த்திவிடுவேன். ஒரு சிக்கல் வந்ததுண்டா இத்தனை வருடத்தில்?

ஜெபமலர் விதியை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தாள். ஒளிவுமறைவு வேண்டாம் என்று சொல்லித்தானே குழுவே ஆரம்பித்தோம், நம் வீட்டில் திருட்டுப் போனதை நாமே வாய்விட்டுப் பேசக்கூடாதா என்று கேட்டாள். மொழி கொஞ்சம் கடுமை. மடலை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்த நோட்டை மேசை இழுப்பறையில் பூட்டித்தான் வைக்கிறேன். அது வேறு விஷயம்.

பிப்ரவரி 8. வியாழன்

சிலிண்டர் வந்தது. பூனை கொல்லையில் குட்டி போட்டிருக்கிறது, மூன்று.

அந்த விண்ணப்பத்தை அரசின் தளத்திலிருந்து இறக்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் இருபத்திரண்டு பக்கம். கண்டுபிடித்தவர் என்று ஒரே பெயர்: ப. ரகோத்தமன், கோயம்புத்தூர்.

கோயம்புத்தூரில் எத்தனையோ ரகோத்தமன்கள்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் உப்புக் கூடிப்போச்சா என்று லோகநாயகி கேட்டாள். ஆமாம் என்றேன். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9. வெள்ளி

இண்டக்‌ஷன் அடுப்பைத் திரும்பவும் பரணில் ஏற்றிவிட்டேன்.

பிப்ரவரி 12. திங்கள்

சனிக்கிழமை குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். விதி நான்கைத் தூக்கிவிட்டார்கள். எதிர்த்தவன் நான் ஒருவன். அதனால் இப்போது எல்லாம் திறந்த பேச்சு.

ஜெபமலர் விண்ணப்பம் முழுவதையும் வாசிப்புக் கருவியில் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஒன்பதாம் பக்கத்தில் ஓர் உதாரணம் வருகிறது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பவர் ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி என்று வேகமாக அடுக்கும்போது ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் மூச்சை ஓர் இமைப்பொழுது பிடிப்பார் அல்லவா, அதைப்போல என்று. கோயம்புத்தூர் கம்பெனிக்குக் காவல்கிணற்றோடு என்ன சம்பந்தம் என்று கேட்டாள். கல்லூரி நாட்களில் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் காத்துக்கிடந்து, அந்த அறிவிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு இந்த உத்தியே பிடிபட்டது. 2017 ஆகஸ்டில் குழுவுக்கு எழுதிய மடலில் அந்த உதாரணத்தை எழுதினாளாம். அது அவளுடைய பத்தி, ஆங்கில வேஷம் போட்டிருக்கிறது.

குழுவே கொதித்தது. சென்னையில் வைதேகி என்ற வழக்கறிஞர் எங்களுக்காக வாதாட முன்வந்தார். அவர், ஜெபமலர், நான் மூவரும் ஒரே அழைப்பில் பேசினோம். காப்புரிமை இன்னும் கொடுக்கப்படவில்லை, விண்ணப்பம் நிலுவையில்தான் இருக்கிறது, எதிர்ப்பு மனு போடலாம் என்றார். அவர்கள் விண்ணப்பித்ததற்கு முன்பே அது பொதுவெளியில் வந்திருந்தால் போதும், அந்த ஒரு மடலே அவர்களைக் கவிழ்த்துவிடும் என்றார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மடல் பொதுக்குழுவில் வரவில்லை. கடைசி வரியில், இதற்கு யாராவது பேட்டன்ட் வாங்கியிருப்பார்களா என்று கேட்டிருந்தாள். அந்தச் சொல் இருந்ததால் விதி நான்கின்படி மூடிய குழுவுக்கு நகர்த்திவிட்டேன். உத்தி நிரலில் சேர்ந்து வெளியே வந்ததும் 2019இல்தான்.

வைதேகி தேதியை இன்னொரு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பயம் வேற நாட்டுச் சட்டத்தோட பயம் சார். அதை இங்க கொண்டுவந்து வச்சிருக்கீங்க. உங்களைக் காப்பாத்தக்கூடிய ஒரே பேப்பரை நீங்களே பீரோவுல பூட்டிட்டீங்க" என்றார்.

நல்லதுக்குத்தானே செய்தேன்.

இன்னொரு வழியும் உண்டாம். ஜெபமலரிடமிருந்துதான் அது எடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். எடுத்துக் கொடுத்தவரே வந்து சொன்னால் உறுதியாக நிற்கும் என்றார். யார் வந்து சொல்வார்கள்?

2017 மடலை மூடிய குழுவுக்கு நகர்த்தும்போது சில வரிகளைச் சுருக்கியிருக்கலாம். நினைவில்லை. ஏழு வருடமாகிறது.

பிப்ரவரி 14. புதன்

மூடிய குழுவில் அப்போது இருந்தது ஐந்து பேர். நான், மடலை நகர்த்தியபின் நான் சேர்த்துவிட்ட ஜெபமலர், நியாஸ், கணினியையே விட்டுவிட்டு இப்போது மஞ்சள் விவசாயம் பார்க்கும் ஒருவர், கனடா போன ஒருவர். எல்லார் பார்வையும் நியாஸ்மேல் விழுந்தது. காயல்பட்டினத்துக்காரன். செவிநூலில் பாதி நிரல் அவன் எழுதியது. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், அதுதான் குற்றம். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். அவன் கார் வாங்கிய வருடத்தை இன்னொருவர் கண்டுபிடித்து எழுதினார்.

ஒரு மடலையும் நான் நிறுத்தவில்லை. திறந்த பேச்சு வேண்டும் என்று வாக்களித்தவர்கள் அவர்கள்தானே.

மாலையில் நியாஸ் எழுதினான்: "நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். விலகிக்கொள்கிறேன்." அவ்வளவுதான். அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும் பொத்தானை அழுத்த வேண்டியவனும் நானே. அழுத்தினேன்.

பிப்ரவரி 15. வியாழன்

மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினேன். பூனைக்குட்டி ஒன்றைக் காணவில்லை.

பிப்ரவரி 16. வெள்ளி

நியாசுக்கு எழுத உட்கார்ந்தேன். "தம்பி நியாஸ்" என்பதற்கு மேல் ஓடவில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர், ஆள் வந்தான், அதோடு போயிற்று.

பிப்ரவரி 18. ஞாயிறு

பகல் பதினொரு மணிக்கு ஜெபமலர் கூப்பிட்டாள். அந்தப் பேச்சை வரி விடாமல் எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும், என்னை எனக்குத் தெரியும்.

முதலில் லோகநாயகியை விசாரித்தாள். பூனைக்குட்டியைக் கேட்டாள். பிறகு, "அண்ணே, ஒரு உதவி. அந்த மூடின குழுவில உள்ள எனக்க மெயில ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க" என்றாள்.

உன் கருவியே வாசிக்குமே என்றேன்.

"அது வாசிச்சுது. மூணு தரம் கேட்டேன். நீங்க கண்ணால பாத்து வாசிங்க."

திறந்தேன், வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. உத்தி இருந்தது, அளவுகள் இருந்தன, காப்புரிமை பற்றிய கேள்வி இருந்தது. வடசேரி இல்லை, வள்ளியூர் இல்லை, காவல்கிணறு இல்லை. அடியில் என் கையால் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: "சொந்த அனுபவம் பற்றிய ஒரு பத்தி நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்."

"அப்பம் அந்தப் பத்திய நியாஸ் பாக்கவே இல்ல" என்றாள்.

திரையில் அந்தக் குறிப்பை மேலே தள்ளி மறைத்தேன்.

"நான் அனுப்பினது முழுசா ஒரே ஒரு ஆளுக்குத்தான் வந்திருக்கு அண்ணே."

தெருவில் தேங்காய்க்காரன் கூவிக்கொண்டு போனான். அவளும் அதைக் கேட்டிருப்பாள். அவள் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. உங்களுக்க வாயால எப்பம் சொல்லுவீங்கன்னு நான் காத்திருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். லோகநாயகி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

பிப்ரவரி 19. திங்கள்

விடுப்பு எடுத்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கம்பெனித் தாள்களைக் கொட்டினேன். இருந்தது. எனக்குத் தெரியும் இருக்கும் என்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். எழுதிவிடுகிறேன்.

2017 ஆகஸ்டு மாதம் பழைய கம்பெனியில் "புதுமை வாரம்" என்று கொண்டாடினார்கள். ஆளுக்கு ஒரு யோசனை கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். கடைசி நாள் மதியம்வரை என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று காலைதான் ஜெபமலரின் மடல் என் பார்வைக்கு வந்து நின்றிருந்தது. அதை அப்படியே ஆங்கிலமாக்கிப் படிவத்தில் நிரப்பினேன். பஸ் ஸ்டாண்டு உதாரணம் அழகாக இருந்ததால் அதையும் சேர்த்தேன். பிறகு அதே பத்தியைக் குழுவுக்குச் சொந்தக் கதை என்று வெட்டினேன். இரண்டையும் ஒரே மதியம் செய்திருக்கிறேன். போட்டி உள்வீட்டு விளையாட்டு, பரிசு ஓர் அடுப்பு, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தோழி ஒருத்தியின் யோசனை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இடம் இருந்தாலும் எழுதியிருப்பேனா என்றால், தெரியவில்லை.

என் அப்போதைய மேலாளர் பெயர் ரகோத்தமன். படிவம் அவர் கைக்குத்தான் போனது.

இன்றைக்குத்தான் அந்தப் படிவத்தின் நகலை முழுதாகப் படித்தேன். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், இந்த யோசனை முழுக்க என்னுடையது என்று உறுதி கூறுகிறேன், இதன்மீதான காப்புரிமை உள்ளிட்ட எல்லா உரிமைகளையும் நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து, மூன்று இடத்தில். கம்பெனி கைமாறியபோது இதுவும் சேர்ந்து கைமாறியிருக்கிறது.

படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்தாதீர்கள் என்று எத்தனை கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். மாணவர்களை எழுப்பி நிறுத்தி, உங்கள் கைபேசியில் எதற்கெல்லாம் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியுமா என்று கேட்டு விழிக்க வைத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ரகோத்தமன் பெயரை எட்டாம் தேதியே பார்த்துவிட்டேன். நியாசைக் குழுவில் ஏசியது பதினான்காம் தேதி. இடையில் ஆறு நாள். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 21. புதன்

நேற்று லோகநாயகியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் என்னங்க பண்ணுனான்?" என்று மட்டும் கேட்டாள். அவள் முதலில் நியாசைத்தான் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வைதேகிக்கும் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனது குரலில் தெரிந்தது, ஆனால் வேலையில் கெட்டிக்காரர், உடனே காரியத்துக்கு வந்தார். நான் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் எதிர்ப்பு மனு நிற்கும். பல்கலைக்கழகத்திலும் பேசிவிட்டார். பத்தாம் தேதிக்குள் மனு போட்டுவிட்டால் ஏப்ரல் தேர்வில் செவிநூலை நிறுத்தமாட்டார்களாம். ஆனால் 2017இல் பொய் உறுதி கொடுத்தவன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனி என்மேல் திரும்பலாம், இப்போதைய வேலைக்கும் ஆபத்து வரலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வேறு வழி எதுவும் இல்லாததால் சரி என்றேனா, மனசாட்சியால் சரி என்றேனா என்று என்னைக் கேட்டால் பதில் சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 22. வியாழன்

பொதுக்குழுவில் எழுதினேன். என் பெயர், படிவம், தேதி, வெட்டிய பத்தி எல்லாம். படிவத்தின் நான்கு பக்கத்தையும் இணைத்தேன். மட்டுறுத்துநர் பொறுப்பிலிருந்து விலகினேன்.

மூன்று மணி நேரம் ஒரு பதிலும் இல்லை. நானூறு பேர் உள்ள குழு. பிறகு வரத் தொடங்கின. நியாசின் காரைப் பற்றி எழுதியவர்தான் என்னை அதிகமாகத் திட்டியிருந்தார். நியாசுக்குத் தனியாக எழுதினேன், இந்த முறை முழுதாக. பதில் இல்லை.

பிப்ரவரி 27. செவ்வாய்

இரண்டு குட்டிகளும் கண் திறந்துவிட்டன. குழு மடல்கள் இப்போது எல்லாருக்கும் வருவது போல எனக்கும் வருகின்றன.

மார்ச் 4. திங்கள்

சென்னை. காலை ரயிலில் இறங்கி நேராக வைதேகியின் அலுவலகம். ஜெபமலர் எனக்கு முன்பே வந்திருந்தாள், கூட அவள் தம்பி. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் நேரில் பார்ப்பது நான்காவது தடவை. வணக்கம் சொன்னேன். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தலையை அசைத்தாள்.

பத்திரத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் யாராவது உரக்க வாசிக்க வேண்டும் என்று ஜெபமலர் கேட்டாள். உதவியாளர் எழுந்தார். "எழுதினவங்களே வாசிக்கட்டும்" என்றாள். வாசித்தேன். ஆறு பக்கம். மேலே மின்விசிறி, எனக்கு மட்டும் வியர்த்தது.

முடித்ததும் ஜெபமலர் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு விட்டுப்போச்சு. நியாச நாலு பேரு ஏசும்போ, எல்லாம் தெரிஞ்சும் சும்ம இருந்தீங்கல்லா. அது இதில இல்ல."

அது மனுவுக்குத் தேவையில்லை என்று வைதேகி மெதுவாகச் சொன்னார்.

"மனுவுக்கு வேண்டாம் மேடம். ஆனா இந்தப் பேப்பரக் குழுவில போடுவோம்லா, நியாஸ் அத வாசிப்பான்."

உதவியாளர் என் பக்கம் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார்: பிப்ரவரி எட்டாம் தேதி அந்தப் பெயரைப் பார்த்தபோதே எனக்கு உண்மை தெரியும், பதினான்காம் தேதி நிரபராதி ஒருவர்மேல் பழி விழுந்தபோது அதைத் தடுக்கும் அதிகாரம் இருந்தும் நான் தடுக்கவில்லை. ஏழாம் பக்கம் வந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன், ஒவ்வொன்றையும் படித்துவிட்டு.

மூன்று மணிக்கு மனு உள்ளே போய்விட்டது. நான்கு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வைதேகிக்கு மடல். தேர்வில் செவிநூல் இருக்கும், பதினான்கு பேரும் தாங்களே எழுதுவார்கள். ஜெபமலர் முகம் மலர்ந்துவிட்டது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள், அவனும் சிரித்தான். அந்த மகிழ்ச்சியில் நானும் இரண்டடி அவள் பக்கம் போய்விட்டேன். மன்னித்துவிடு ஜெபா என்றேன்.

சிரிப்பு நின்றது. கோபம் ஒன்றும் தெரியவில்லை. புதிதாக அறிமுகமானவரிடம் பேசுகிற மரியாதையோடு, "விசாரணைக்குக் கூப்பிடும்போ திரும்பவும் வரவேண்டியிருக்கும். சாட்சியா வாங்க. வந்து இதே மாதிரி சொல்லுங்க. ரொம்ப நன்றி சார்" என்றாள்.

தம்பியின் தோளில் கை வைத்துப் படியிறங்கிப் போனாள். எழும்பூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

சார் என்றாள்.